டிரைவர் பையன் கர்ணன்

நான் முதமுதல்ல கர்ணனைப் பார்த்தது எங்க தாத்தா கருமாதி அன்னைக்கு ராத்திரி. செய்யாறுக்கும் வந்தவாசிக்கும் நடுவுல இருக்கு எங்க ஊரு. எங்க பக்கம் ஒரு பழக்கம், வயசாகி நல்லபடியா போய்ச் சேர்ந்தவங்க வீட்டுல காரியம் முடிஞ்ச ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வைப்பாங்க, கர்ணனுக்குக் கிடைச்ச மோட்சம் செத்தவங்களுக்கும் கிடைக்கும்னு ஒரு நம்பிக்கை, அதோட ஊரே கூடி ஒரு ராத்திரி முழுக்க அழுது சிரிச்சு துக்கத்தைக் கழிச்சுடலாம்னு ஒரு கணக்கும் இருக்கும்னு இப்ப தோணுது. எனக்கு அப்ப 11 வயசு. தெருவுல நாலு கம்பு நட்டு, ரெண்டு டியூப்லைட்டு கட்டி, ஜனங்க உக்கார எங்க அப்பா லாரியோட தார்ப்பாயை விரிச்சிருந்தாங்க. அந்தத் தார்ப்பாய்ல டீசல் வாசனையும் அரிசி மூட்டை வாசனையும் கலந்து வரும். இன்னைக்கும் கர்ணன்னா எனக்கு மூக்குல முதல்ல வர்றது அந்த வாசனைதான்.

ரெண்டு பேரு திரை பிடிச்சிருந்தாங்க. திரைக்கு மேல முதல்ல கிரீடம் மட்டும் தெரிஞ்சுது. முகவீணை கீச்சுனு ஏறுது, மிருதங்கம் கூடவே ஓடுது, சலங்கை சத்தம் மட்டும் கீழ கேக்குது, ஆளு தெரியல. திரை விலகினதும் புஜக்கட்டை, மார்பதக்கம், முகமெல்லாம் அரிதாரம்னு ஒரு ஆளு சுத்திச் சுத்தி கிறுகி அடிச்சாரு பாருங்க, கண்ணாடித் துண்டு பதிச்ச கட்டையில டியூப்லைட் வெளிச்சம் பட்டு எங்க வீட்டுச் சுவரெல்லாம் பொட்டுப் பொட்டா ஓடுச்சு.

அப்பதான் கட்டியக்காரன், கூத்துல கோமாளி, ஆரம்பிச்சான். "எங்க ராஜா யாரு தெரியுமா? தேரோட்டி மவன்! தேரோட்டின்னா யாருன்னு கேக்குறியா, அதோ தார்ப்பாய் ஓரத்துல மொட்டை போட்டுகினு உக்காந்திருக்காரே, அவரு மாதிரி. ஆனா அவருக்காவது பேட்டா உண்டு, அதிரதனுக்கு அதுவும் கெடையாது!" ஜனம் சிரிச்சுது. எங்க அப்பாவும் விழுந்து விழுந்து சிரிச்சாரு, அன்னைக்குக் காலையிலதான் தாத்தாவுக்குப் பிண்டம் வச்ச மனுஷன். நான் மட்டும் தலையைக் குனிஞ்சுகிட்டு தார்ப்பாய் கண்ணியில விரலை விட்டு நோண்டிகிட்டு இருந்தேன். ஏன் எனக்கு அவமானமா இருந்துச்சுன்னு அப்ப சொல்லத் தெரியல. ஸ்கூல்ல "டிரைவர் பையன்"னு கூப்பிடுவாங்க, அதே வார்த்தை இங்கயும் வந்துடுச்சேன்னு இருக்கலாம்.

கூத்துல எல்லாரும் காத்துகிட்டு இருக்கிறது பொன்னுருவி கட்டத்துக்கு. விடிஞ்சா பதினேழாம் நாள் போர், கர்ணன் பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டுப் போக வர்றான். அவளோ ராஜகுமாரி, தேர்ப்பாகன் வளர்த்த பிள்ளைக்குக் கட்டி வச்சிட்டாங்களேன்னு கல்யாணம் ஆன நாள்லேர்ந்து அவனை மதிக்கிறதே இல்ல, வெளிய வர மாட்டேன்னு நிக்கிறா. அவன் கெஞ்சுறான், அவ குலத்தைச் சொல்லி ஏசுறா, கூட்டத்துல இருக்கிற ஆயாங்க எல்லாம் அவளைத் திட்டுறாங்க, "அடிப்பாவி, அவன் திரும்ப மாட்டான்டி, ஒரு வார்த்த பேசேன்டி"ன்னு. பொன்னுருவி வேஷம் கட்டினவரு பக்கத்து ஊர்ல டைலர். அது தெரிஞ்சும் எங்க ஆயா அவரைப் பார்த்துக் காறித் துப்பிச்சு.

ரொம்ப வருஷம் கழிச்சு, வேலைக்குப் போனப்புறம், மகாபாரதத்தை முழுசா உக்காந்து படிச்சேன், தமிழ்ல வந்த முழு மொழிபெயர்ப்பை. படிச்சா பொன்னுருவியே இல்ல! எனக்குப் பெரிய ஏமாத்தம். வியாசர்ல கர்ணனுக்கு, அவனை வளர்த்த தேரோட்டி அதிரதன் தன் ஜாதியிலயே பொண்ணுங்களைப் பார்த்துக் கட்டி வச்சான், பிள்ளைங்க, பேரப்பிள்ளைங்க எல்லாம் இருக்காங்க, அவ்வளவுதான். சொக்கட்டான் ஆடும்போது முத்து அறுந்து, "எடுக்கவோ கோக்கவோ"ன்னு துரியோதனன் கேட்ட கதையும் அங்க இல்ல, அது நம்ம வில்லிபுத்தூரார் பாடினது. சாகக் கிடக்கிறவன்கிட்ட கண்ணன் கிழப் பிராமணனா வந்து தர்மத்தையெல்லாம் தானமா வாங்கிட்டுப் போறதும் அங்க இல்ல. தமிழ்நாட்டுல கர்ணன்னா ஒண்ணு கூத்து, இல்ல 1964ல சிவாஜி. ரெண்டுமே நம்ம ஆளுங்க நம்ம மனசுக்கு ஏத்த மாதிரி வளர்த்து எடுத்த கர்ணன், கொடுத்துச் சிவந்த கை, செஞ்சோற்றுக் கடன், அப்படின்னு.

வியாசரோட கர்ணன் அவ்வளவு சுத்தம் கிடையாது. கவசகுண்டலத்தைச் சும்மா தூக்கிக் கொடுக்கல, சூரியன் கனவுல வந்து எச்சரிச்சு, கொடுக்கத்தான் போறேன்னா பதிலுக்கு சக்தி ஆயுதத்தைக் கேளுன்னு சொல்லிக் கொடுத்து, அதே மாதிரி கேட்டு வாங்கினான். அறுத்தா உடம்பு விகாரமாத் தெரியக்கூடாதுன்னும் ஒரு கண்டிஷன் போட்டான், எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும், சாவை விட அழகு போயிடுமோன்னு ஒரு கவலை பாருங்க. கந்தர்வங்க துரியோதனனைப் பிடிச்சுக் கட்டினப்போ நண்பனை விட்டுட்டுக் களத்துலேர்ந்து ஓடியும் போயிருக்கான். இதையெல்லாம் படிக்கப் படிக்க எங்க ஊரு கர்ணன் மேல பூசியிருந்த அரிதாரம் உதிர்ற மாதிரி இருந்துச்சு. படிக்கிறதை நிறுத்திடலாமான்னு கூட நினைச்சேன்.

நிறுத்தாததுக்குக் காரணம் ஆதிபர்வத்துல வர்ற அரங்கேற்றம். கதை எல்லாருக்கும் தெரியும்: அர்ஜுனன் வித்தை காட்டுறான், கர்ணன் உள்ள வந்து அதெல்லாம் நானும் செய்வேங்கிறான், கிருபர் உன் குலம் என்ன, அப்பா அம்மா யாருன்னு கேக்குறாரு, இவன் முகம் வாடிப் போகுது, துரியோதனன் அங்கேயே அங்கதேசத்துக்கு ராஜாவாக்கி அபிஷேகம் பண்ணிடுறான். (அங்கதேசத்துத் தலைநகர் சம்பா, இன்னைக்கு பீகார்ல பாகல்பூர் பக்கம்.) அபிஷேகத் தண்ணி இன்னும் தலையில சொட்டிகிட்டு இருக்கு, அப்ப அதிரதன் உள்ள வர்றான். கிழவன், கோலை ஊனிகிட்டு, வேர்த்து நடுங்கிகிட்டு, மேல்துண்டு நழுவி விழறது கூடத் தெரியாம வர்றான். ஊரே பார்த்துகிட்டு இருக்கு, ராஜாங்க எல்லாரும் உக்காந்திருக்காங்க. கர்ணன் நினைச்சிருந்தா தெரியாத மாதிரி நின்னிருக்கலாம். வில்லை விட்டுட்டுப் போயி ஈரத்தலையோட அந்தக் கிழவன் கால்ல விழறான். அதிரதன் என்ன பண்றான் தெரியுமா, கூச்சப்பட்டு வேட்டி நுனியால தன் காலை மூடிக்கிறான். அப்புறம் மகனைக் கட்டிப் பிடிச்சு அழுது, ஏற்கெனவே நனைஞ்ச தலையைத் திரும்ப நனைக்கிறான். உடனே பீமன் சிரிக்கிறான், "போய் உன் குலத்துக்கேத்த சவுக்கை எடுத்துக்கோடா"ன்னு.

இதைப் படிச்சுட்டு அன்னைக்குத் தூங்கல.

ஏன்னா காலேஜ் ஹாஸ்டல்ல சேர்ந்த அன்னைக்கு எங்க அப்பா லோடோட வந்திருந்தாரு. அந்த ஊரு வழியாத்தான் லோடு போகுது, ஒரே ட்ரிப்பா முடிச்சுடலாம்னு லாரியிலயே கூட்டிகிட்டு வந்தாரு, பெட்டி படுக்கை எல்லாம் கேபின்ல. காலேஜ் வாசல்ல மத்தவங்க அப்பாங்க கார்லயும் ஆட்டோவுலயும் வந்து இறங்குறாங்க. எங்க அப்பா காக்கி சட்டை, தோள்ல துண்டு, ஒரு கையில என் பக்கெட்டு. நான் சொன்னேன், "நீ வராதப்பா, உள்ள விட மாட்டாங்க, வண்டிக்கு வேற ஆள் இல்ல." கிளீனர் வண்டியிலதான் உக்காந்திருந்தான், அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஆமாமா, வண்டியை விட்டுட்டு வர முடியாது"ன்னு அவரே ஒத்துகிட்டு பக்கெட்டைக் கையில கொடுத்துட்டுப் போயிட்டாரு. அதுக்கப்புறம் மூணு வருஷம் யார் கேட்டாலும் அப்பா டிரான்ஸ்போர்ட் பிசினஸ்னுதான் சொன்னேன். முழுப் பொய்யும் இல்ல பாருங்க, அதான் சௌகரியம்.

கர்ணனும் ஒரு தடவை இதே பொய்யைச் சொல்லியிருக்கான். பரசுராமர்கிட்ட போயி நான் பிருகு குலத்துப் பிராமணன்னு சொல்லி அஸ்திரம் கத்துக்கிட்டான். குரு அவன் மடியில தலை வச்சுத் தூங்குறாரு, ஒரு பூச்சி வந்து தொடையைத் துளைக்குது, குரு எழுந்துடக் கூடாதுன்னு பல்லைக் கடிச்சுகிட்டு அசையாம இருக்கான், ரத்தம் பட்டு அவரு முழிச்சுக்குறாரு, இவ்வளவு வலியைத் தாங்குறவன் பிராமணனா இருக்க முடியாது, நீ யாருன்னு சொல்லுங்குறாரு. அப்பதான் உண்மையைச் சொல்றான், நான் சூதன், தேரோட்டி குலம், ஜனங்க என்னை ராதேயன்னு கூப்பிடுவாங்கன்னு. அதிரதன் பொண்டாட்டி ராதை, அவ பையன். சாபம் வந்துடுச்சு, வேணும்போது அஸ்திரம் மறந்துடும்னு. இந்தச் சாபத்தை நாம எப்பவும் ஐயோ பாவம்னு சொல்லித்தான் கடந்து போறோம். எனக்கு வேற மாதிரி படுது. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை வளர்த்த அப்பனை மறைச்சான், அப்படி மறைச்சு வாங்கின சாமான்தான் கடைசியில கைவிட்டுச்சு.

இப்ப நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வர்றேன். கர்ணனைப் பத்திப் பேசுற எல்லாரும், அவனுக்காக உருகுறவங்க உட்பட, ஒரு வரியில வந்து முடிப்பாங்க: "பாவம், உண்மையில அவன் க்ஷத்திரியன், குந்தி பிள்ளை, மூத்தவன், ராஜாவா இருக்க வேண்டியவன்." அதாவது அவன் டிரைவர் பையனா இருந்ததுதான் கஷ்டம், ரத்தம் ராஜ ரத்தம்னு தெரிஞ்சதும் நமக்கு ஒரு திருப்தி. அப்ப நிஜமாவே டிரைவர் பையனா இருந்திருந்தா பீமன் சொன்னது சரியா? இந்தக் கேள்வி எனக்குத் தொண்டையில மாட்டிகிட்டே இருந்துச்சு. உத்தியோக பர்வத்துக்கு வந்தா கர்ணனே இதுக்குப் பதில் சொல்லி வச்சிருக்கான், நாமதான் காதுல வாங்கல.

தூது தோத்துப் போயி கண்ணன் திரும்புறப்போ கர்ணனைத் தேர்ல ஏத்திகிட்டுத் தனியாப் பேசுறான். நீ குந்திக்குக் கல்யாணத்துக்கு முன்னாடி பிறந்தவன், சாஸ்திரப்படி பாண்டுவோட பிள்ளை, வா, இன்னைக்கே பட்டம் கட்டுறோம், தருமன் உனக்கு வெண்சாமரம் வீசுவான், பீமன் குடை பிடிப்பான், அர்ஜுனன் உனக்குத் தேர் ஓட்டுவான். கவனிங்க, அர்ஜுனன் உனக்கு டிரைவர்! இதை விட ஒரு ஆஃபர் கிடையாது. வாழ்க்கை பூரா வாங்கின அவமானத்துக்கெல்லாம் ஒரே செக்ல செட்டில்மென்ட்.

அதுக்கு அவன் ராஜ்யத்தைப் பத்தியோ தர்மத்தைப் பத்தியோ ஆரம்பிக்கல. ராதையைப் பத்தி ஆரம்பிக்கிறான். எனக்கு எல்லாம் தெரியும் கிருஷ்ணா, குந்தி என்னை ஆத்துல விட்டது தெரியும், ஆனா அதிரதன் என்னை வீட்டுக்குத் தூக்கிட்டு வந்த நிமிஷம் ராதைக்குப் பாசத்துல பால் சுரந்துச்சு, என் மூத்திரத்தையும் மலத்தையும் அள்ளினது அவ, அவளுக்கு விழ வேண்டிய பிண்டத்தை என்னை மாதிரி ஒருத்தன் எப்படி இல்லாமப் பண்ணுவான், அப்படின்னு கேக்குறான்.

பிண்டம். போர் வரப்போகுது, உலகமே ரெண்டா நிக்குது, இவன் ஒரு தேரோட்டி பொண்டாட்டி செத்தா யார் பிண்டம் போடுவாங்கன்னு யோசிக்கிறான். அந்த வரியில எனக்கு எங்க அப்பா மொட்டைத் தலையோட குளத்தங்கரையில உக்காந்து எள்ளும் சோறும் பிசைஞ்சது ஞாபகம் வந்துச்சு. அடுத்து இன்னும் சொல்றான், அதிரதன் எனக்குச் சடங்கு பண்ணினாரு, பேரு வச்சாரு, கல்யாணம் பண்ணி வச்சாரு, மனசு அவங்ககிட்ட கட்டிக் கிடக்கு, பூமி பூரா கொடுத்தாலும் தங்கத்தைக் குமிச்சுக் கொடுத்தாலும் அதை அறுக்க முடியாதுங்குறான். துரியோதனன் நட்பெல்லாம் அதுக்கு அப்புறம்தான் வருது. செஞ்சோற்றுக் கடன்னு நாம பாடுறோமே, அவன் முதல்ல சொன்ன கடன் ராதை கொடுத்த பாலுக்கு.

இத்தனைக்கும் யார் ஜெயிப்பாங்கன்னு அவனுக்கு நல்லாத் தெரியும், ஆயிரம் தூண் வச்ச மாளிகையில பாண்டவங்க வெள்ளைத் தலைப்பாகையோட ஏறிப் போறதைக் கனவுல பார்த்தேன்னு அவனே சொல்றான். அதோட இந்த ரகசியத்தைத் தருமன்கிட்ட சொல்லிடாதே, தெரிஞ்சா ராஜ்யத்தை எனக்குக் கொடுத்துடுவான், நான் துரியோதனனுக்குக் கொடுத்துடுவேன், அது தருமனுக்கே போகட்டும்னு ஒரு ரிக்வெஸ்ட் வேற. தோக்கப் போற கட்சியில நின்னுகிட்டு ஜெயிக்கப் போறவனுக்கு நல்லது பண்றான்.

அப்புறம் குந்தி வர்றா. கர்ணன் கங்கைக் கரையில கிழக்குப் பார்த்துக் கையைத் தூக்கி ஜபம் பண்ணிகிட்டு இருக்கான். அவ கூப்பிடாம பின்னாடியே நிக்கிறா, வெயில் ஏறுது, வாடின தாமரை மாலை மாதிரி ஆயிட்டா, அவன் மேல்துணியோட நிழல்ல ஒதுங்கி நிக்கிறா. யாரோட வெயில் அது? அவன் அப்பனோடது. அந்த வெயிலுக்குப் பயந்து, தூக்கி எறிஞ்ச பிள்ளையோட துணி நிழல்ல நிக்கிறா. முதுகு சுடுற வரைக்கும் ஜபம் பண்ணிட்டுத் திரும்பறான், அவளைப் பார்க்கிறான், கண்ணன் சொல்லி எல்லாம் தெரிஞ்சிருந்தும் முதல் வார்த்தை என்ன சொல்றான்னா, "ராதைக்கும் அதிரதனுக்கும் மகனான கர்ணன், உங்களைக் கும்பிடுறேன்." இதை விட ஒரு அறை கிடையாது. மரியாதையாவே அடிச்சிருக்கான். ஆனாலும் வெறுங்கையோட அனுப்பல, அர்ஜுனனைத் தவிர நாலு பேரைக் கொல்ல மாட்டேன், நான் செத்தாலும் அவன் செத்தாலும் உனக்கு அஞ்சு பிள்ளைங்க இருப்பாங்கன்னு கணக்குப் போட்டுக் கொடுத்து அனுப்பறான். சொன்ன மாதிரியே போர்ல பீமனும் சகாதேவனும் வசமாச் சிக்கினப்போ வில்லு நுனியால தொட்டு, கிண்டல் பண்ணிட்டு விட்டுட்டான்.

இவ்வளவு உருகிட்டு ஒண்ணை விட்டுட்டுப் போனா அது அயோக்கியத்தனம். சபையில திரௌபதியை இழுத்துட்டு வந்தப்போ அவளை வேசின்னு சொன்னவன் இவன்தான், துணியை உருவுன்னு சொன்னவனும் இவன்தான். சுயம்வரத்துல அவ "சூதனைக் கட்ட மாட்டேன்"னு சொன்னாளே, அந்தக் கோபம்னு முட்டுக் கொடுப்பாங்க. புனே பண்டார்கர் நிறுவனம் 1919ல ஆரம்பிச்சு 1966ல முடிச்ச, பழைய சுவடிகளை ஒப்பிட்டுப் போட்ட செம்பதிப்புல அந்த வசனமே மூலத்துல கிடையாது. இருந்திருந்தாலும் என்ன? பிறப்பைச் சொல்லிச் சபையில அடி வாங்கினவன், இன்னொரு சபையில ஒரு பொம்பளையை அதே மாதிரி நிக்க வச்சு அடிக்கிறான். அந்த வலி தெரிஞ்சவன் பண்ணினதாலதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. கண்ணன்கிட்ட பேசுறப்போ, துரியோதனனைக் குஷிப்படுத்தப் பாண்டவங்களைக் கடுமையாப் பேசிட்டேன், அதுக்கு இப்ப வருத்தப்படுறேன்னு ஒரு வரி சொல்றான். திரௌபதிகிட்ட சொல்லல.

போரைப் பத்தி நீட்டி எழுத இஷ்டமில்ல. பீஷ்மர் பத்து நாள், துரோணர் அஞ்சு நாள், இவனுக்கு ரெண்டே நாள் சேனாபதி பதவி. அர்ஜுனனுக்குன்னு பொத்திப் பொத்தி வச்சிருந்த சக்தி ஆயுதம் பதினாலாம் நாள் ராத்திரி கடோத்கசன் மேல போயிடுச்சு. பதினேழாம் நாள் அவன் கண்ணு முன்னாடியே மகன் விருஷசேனன் விழுந்தான். தேர் ஓட்ட வந்தவன் சல்லியன், மத்ர தேசத்து ராஜா, தேரோட்டி மகனுக்கு நான் தேரோட்டுறதான்னு எகிறிட்டு, வாயில வந்ததைப் பேசுவேன், கேட்டுக்கணும்னு கண்டிஷன் போட்டுத்தான் ஏறினான், வழி பூரா அர்ஜுனன் புகழ் பாடி மட்டம் தட்டிகிட்டே வந்தான். நல்ல தேரோட்டி வீட்டுல வளர்ந்தவனுக்குச் சாகுற அன்னைக்குக் கிடைச்ச டிரைவரைப் பாருங்க. சக்கரம் புதையுது, அஸ்திரம் மறக்குது, அவ்வளவுதான்.

எல்லாம் முடிஞ்சு கங்கையில எல்லாருக்கும் தண்ணி விடுறப்போ குந்தி வாயைத் திறக்கிறா, கர்ணனுக்கும் விடுங்க, அவன் உங்க அண்ணன்னு. தருமன் உடைஞ்சு போறான். அப்புறம் நாரதர்கிட்ட சொல்றான், சூதாட்ட சபையில கர்ணன் பேசினப்போ எனக்குக் கோபம் பொங்குச்சு, ஆனா அவன் காலைப் பார்த்தேன், கோபம் போயிடுச்சு, அந்தக் கால் எங்க அம்மா கால் மாதிரியே இருந்துச்சு, ஏன்னு யோசிச்சு யோசிச்சுப் பார்த்தும் காரணம் புரியலன்னு. இந்த இடத்துலதான் நான் புத்தகத்தை மூடி வச்சுட்டு அழுதேன். ராஜ குடும்பத்துல ஒருத்தன் அவனை அடையாளம் கண்டுபிடிக்கிறதுக்கு ரொம்பப் பக்கத்துல வந்தது அந்தக் கால் வரைக்கும்தான். அவங்க எல்லாரும் சேர்ந்து கர்ணனுக்குத் தண்ணி விட்டாங்க, சரி. ராதைக்கு யார் பிண்டம் போட்டாங்கங்கிறது ஒரு வரி கூட என் கண்ணுல படல.

எங்க ஊரு கூத்துக்குத் திரும்பப் போறேன். விடியக்காலம் அஞ்சு மணி இருக்கும், கர்ணன் விழுந்து, குந்தி மடியில போட்டு ஒப்பாரி வச்சு, எங்க ஆயா தாத்தா பேரைச் சொல்லி அது கூடவே அழுது, கற்பூரம் காட்டி முடிச்சாங்க. நான் வேப்ப மரத்தடியில கர்ணன் வேஷம் கலைக்கிறதைப் பார்த்துகிட்டு நின்னேன். கயித்தை அவுத்து ஒவ்வொரு கட்டையா எடுத்துப் பெட்டியில வைக்கிறாங்க, தோள்பட்டையில கயிறு பதிஞ்ச இடம் கன்னிப்போயி இருக்கு, சலங்கை அவுத்த கணுக்கால் வீங்கி இருக்கு. தேங்காய் எண்ணெயைத் தடவி முகத்தைத் துடைச்சா, எங்க அப்பாவை விட வயசான ஒரு ஆளு. முதல் பஸ் ஏழு மணிக்குத்தான், அவரு காலை நீட்டி உக்காந்து பீடி கேட்டாரு.

எங்க அப்பா லாரி சாவியை எடுத்துட்டு வந்தாரு, "வாங்க வாத்தியாரே, செய்யாறுல விட்டுடுறேன்"னு. ஆர்மோனியம், மிருதங்கம், கட்டைப் பெட்டி எல்லாம் பின்னாடி ஏறுச்சு, தார்ப்பாயை மடிச்சு மேல போட்டாங்க. பொன்னுருவி, கட்டியக்காரன், சல்லியன் எல்லாரும் பின்னாடி பாடியில நின்னுகிட்டாங்க. நான் கேபின்ல நடுவுல. கர்ணன் என் பக்கத்துல, காது மடிப்புல கொஞ்சம் சிவப்பு அரிதாரம் இன்னும் ஒட்டிகிட்டு இருந்துச்சு, ரெண்டு காலையும் டேஷ்போர்டு மேல தூக்கி வச்சுகிட்டாரு. அந்தச் சீட்டுல யார் காலைத் தூக்கி வச்சாலும் எங்க அப்பா கத்துவாரு. அன்னைக்கு ஒண்ணும் சொல்லல, மெதுவா கியர் மாத்தி, பள்ளம் பார்த்துப் பார்த்து ஓட்டிகிட்டு வந்தாரு, பாதி வழியில கர்ணன் தூங்கிட்டாரு.